தளர்வா, தளர்த்தலா?

2021 செப்டம்பரில், கொரோனா ஊரடங்கின்போது, சிட்னியிலிருந்து அக்கா ஒரு துண்டறிக்கையின் படத்தை அனுப்பியிருந்தாள். ‘தடுப்பூசி விகிதங்கள் உயர உயர மேலும் தளர்வுகள் வழங்கப்படும்’ என்று அதில் தமிழில் அச்சிட்டிருந்தார்கள். அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் அங்கேயே மாட்டிக்கொண்ட அம்மா அதைப் படித்துவிட்டு, “ஊசி போட்டால் தளர்ச்சி வரும் என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஏன் என்னை வற்புறுத்துகிறாய்?” என்று கேட்டாளாம். அம்மா படித்ததில் பிழை இல்லை.

சொல்லின் கதை சிறியது. லத்தீனில் ‘லாக்ஸஸ்’ என்றால் நெகிழ்ந்தது. அதிலிருந்து வந்தது ஆங்கில ‘ரிலாக்ஸேஷன்’. கட்டுப்பாடுகளைக் குறைப்பதைச் சொல்லும் அந்தச் சொல்லைத்தான் ‘தளர்வு’ என்று தமிழாக்குகிறார்கள். தமிழில் ‘தளர்’ என்பதற்கு நெகிழ்தல், சோர்தல் என்று இரு முகங்கள் உண்டு. தளர்வான சட்டை முதல் வகை. தளர்ந்த வயது இரண்டாம் வகை. குட்டிக் கண்ணனின் தள்ளாட்டத்தைப் பெரியாழ்வார் ‘தளர்நடை’ என்கிறார்.

ஆகவே ‘தளர்வு’ தமிழே அல்ல என்று நான் வாதாடவில்லை. அது தானாக நிகழ்வது என்பதுதான் என் வழக்கு. வளர் – வளர்த்து, தளர் – தளர்த்து. குழந்தையிடம் காண்பது வளர்ச்சி, தாய் செய்வது வளர்ப்பு. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. அரசு ஆணையிட்டுச் செய்யும் காரியத்துக்கு மட்டும் ஏன் தானாக நிகழ்வதன் பெயர்? கட்டுப்பாட்டை அரசு தளர்த்துகிறது. ஆகவே அது தளர்த்தல். அதைப் பன்மையாக்கி, ‘தளர்வுகள்’ என்று மூட்டை கட்டி, ‘வழங்கப்படும்’ என்று வேறு எழுதுகிறார்கள். ரேஷன் கடையில் அளந்து கொடுக்கும் பண்டமா அது? தமிழ்நாட்டில் 2021 மே 24 முதல் நடப்புக்கு வந்ததற்குப் பெயரே ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’. முழு ஊரடங்கு என்ற பிறகு ‘தளர்வுகளற்ற’ எதற்கு? முன்பே ‘தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு’ என்று ஒன்றைப் படைத்துவிட்டதால், இது அதுவல்ல என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தலைப்புக்கு இடம் போதாது, தளர்வுதான் சிறிய சொல் என்று பத்திரிகை நண்பர் ஒருவர் சாதிப்பார். ‘திரையரங்குகளுக்குத் தளர்வு’ என்பதைவிட ‘திரையரங்குகள் திறப்பு’ நீளமா என்ன? கூடவே, என்ன நடக்கப்போகிறது என்பதும் அதில் தெரிகிறது.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தினால் மாடு இன்னும் முளையில்தான் நிற்கிறது. அவிழ்த்துவிட்டால் அடுத்தவன் வயலில் நிற்கும். 2021 அக்டோபர் 11 அன்று சிட்னியில் நடந்தது முதல் வகை. இரண்டு தவணையும் போட்டவர்களின் வீட்டுக்குப் பத்து விருந்தினர் வரை வரலாம், கடைக்குள் முகக்கவசம் கட்டாயம். கயிறு கழுத்தில்தான் இருந்தது. டென்மார்க் அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று செய்தது நீக்கம். எஞ்சியிருந்த கட்டுப்பாடுகளை அடியோடு விலக்கிக்கொண்டது. நவம்பரில் நோய் பெருகியதும் சிலவற்றை மறுபடி கட்ட நேர்ந்தது வேறு கதை. நம் செய்திகளில் இரண்டுக்கும் ஒரே பெயர், தளர்வு.

சிங்கப்பூரைப் பாருங்கள். ஆகஸ்ட் 10 முதல், தடுப்பூசியை முழுமையாகப் போட்டவர்கள் ஐந்து பேராகச் சேர்ந்து உணவகத்தில் சாப்பிடலாம் என்றார்கள். செப்டம்பர் 27 அன்று ஐந்து இரண்டாயிற்று. தளர்த்தினார்கள், இறுக்கினார்கள், அழகாக எதிரும் புதிருமாக நிற்கும் வினைகள். ‘தளர்வுகள் வழங்கப்பட்டன’ என்று தொடங்கியவர் இந்த இடத்தில் என்ன எழுதுவார்? ‘தளர்வுகள் திரும்பப் பெறப்பட்டன’ என்றுதான் எழுதுவார், எழுதவும் செய்தார்கள். படிப்பவர் இரண்டு முறை யோசித்தால்தான் கட்டுப்பாடு கூடியதா குறைந்ததா என்பது விளங்கும்.

‘விகிதங்கள்’ என்ற சொல்லையும் சும்மா விடுவதற்கில்லை. விகிதம் என்றால் இதற்கு அது எத்தனை பங்கு என்பது. இங்கே வேண்டியது விழுக்காடு, அதுவும் யாரில் எத்தனை என்ற கணக்கோடு. ஆஸ்திரேலியத் திட்டத்தில் 70, 80 என்ற இலக்குகள் 16 வயது நிரம்பியோரில். ஆகஸ்ட் 29 அன்று சிங்கப்பூர் எட்டிய 80 மொத்த மக்கள்தொகையில், கைக்குழந்தைகளையும் சேர்த்து. ‘80 சதவீதத் தடுப்பூசி விகிதம்’ என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், சிட்னி சிங்கப்பூரைப் பிடித்துவிட்டது போலத் தோன்றும். இங்கிலாந்து 2021 பிப்ரவரி 22 அன்று ‘ரோட்மேப்’ என்று அறிவித்த நான்கு கட்டத் திட்டத்தைச் ‘சாலை வரைபடம்’ என்று எழுதியவர்களிடம் இந்த நுணுக்கத்தை எதிர்பார்ப்பது என் பேராசைதான்.

எனவே, படிப்படியாகச் செய்வது கட்டுப்பாடுகளைத் தளர்த்துதல். முற்றாக எடுத்துவிடுவது நீக்குதல் அல்லது விலக்கிக்கொள்ளுதல். துண்டறிக்கையில் ‘தடுப்பூசி போட்டுக்கொண்டோர் பெருகப் பெருக, கட்டுப்பாடுகள் தளர்த்தப்படும்’ என்று இருந்திருந்தால் அம்மா வேறு சாக்குத் தேட வேண்டியிருந்திருக்கும்.

பெருந்தொற்று ஓய்ந்தது, சொல் ஓயவில்லை. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘வயது வரம்பில் தளர்வு’ என்று வருகிறது. சலுகை என்ற பழைய சொல் எங்கே போயிற்றோ. சில இடங்களில் வரம்பையும் விழுங்கிவிட்டு ‘வயதுத் தளர்வு’ என்றே போடுகிறார்கள். அதற்கு விண்ணப்பம் வேறு போட வேண்டுமாம். எனக்கு அது நாற்பதைத் தாண்டியதுமே தானாக வந்துவிட்டது.