சந்தையை ஒரே எண்ணில் அளந்த பத்திரிகை

லண்டனிலிருந்து வரும் ஃபைனான்ஷியல் டைம்ஸ் என்றதும் பலருக்கு அதன் இளஞ்சிவப்புத் தாள்தான் நினைவுக்கு வரும். 1888-இல் தொடங்கிய பத்திரிகை அது. நான்கு ஆண்டுகள் மூத்த போட்டியாளரான ஃபைனான்ஷியல் நியூஸிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும் என்று 1893 ஜனவரியில் நிறத்தை மாற்றினார்கள். அந்த நிறத்தைவிட, அந்தத் தாளில் தினமும் அச்சான ஓர் எண்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 'இன்று சந்தை ஏறியதா, இறங்கியதா?' என்ற கேள்விக்குப் பிரிட்டன் பல பத்தாண்டுகள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பதில் சொன்னது.

எண்ணைப் பெற்றெடுத்தது போட்டிப் பத்திரிகை. ஃபைனான்ஷியல் நியூஸில் வேலை பார்த்த மாரிஸ் கிரீன், ரிச்சர்ட் கிளார்க் இருவரும் 30 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, 1935 ஜூலை 1 அன்றைய நிலையை 100 என்று வைத்து ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். 1945-இல் ஃபைனான்ஷியல் நியூஸின் உரிமையாளர்கள் ஃபைனான்ஷியல் டைம்ஸை வாங்கி இரண்டையும் இணைத்தபோது, பெயரும் நிறமும் ஒன்றிடமிருந்தும் குறியீட்டெண் மற்றதிடமிருந்தும் வந்து சேர்ந்தன. அந்த முதல் 30 பெயர்களைப் படித்தாலே அன்றைய பிரிட்டன் தெரியும்: ரோல்ஸ் ராய்ஸ், டன்லப், விக்கர்ஸ், ஹாரட்ஸ், ஒரு நிலக்கரிச் சுரங்கம், நூற்பாலைகள். தையல் நூல் செய்த ஜே அண்ட் பி கோட்ஸும் உண்டு. பின்னாளில் மதுரை மில்லோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனதே, அதே கோட்ஸ்தான். வங்கி ஒன்றுகூட இல்லை.

சரி, 30 விலைகளை ஒரே எண்ணாக்குவது எப்படி? அமெரிக்காவில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் நிறுவனர்களில் ஒருவரான சார்லஸ் டவ் 1896-இல் எளிய வழியில் போனார். 12 பங்குகளின் விலையைக் கூட்டி 12-ஆல் வகுத்தார். இதில் 200 டாலர் பங்கு ஒரு சதவீதம் ஏறினால், 20 டாலர் பங்கு பத்து சதவீதம் ஏறியதற்குச் சமம். நிறுவனம் பெரிதா சிறிதா என்பதற்கு இதில் இடமே இல்லை.

லண்டன்காரர்கள் பெருக்கல் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பங்கும் தொடக்க நாள் விலையைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த 30 மடங்குகளையும் பெருக்கி, அதன் 30-ஆம் மூலத்தை, அதாவது தன்னையே 30 முறை எழுதிப் பெருக்கினால் அந்தத் தொகையைத் தரும் எண்ணை, காண வேண்டும். கேட்கப் பயமாக இருந்தாலும், லாக் டேபிள் (மடக்கை அட்டவணை) கையில் இருந்தால் வேலை சுலபம்: 30 மடக்கைகளைக் கூட்டி, 30-ஆல் வகுத்து, எதிர்மடக்கை பார்த்தால் போதும். இந்த முறையில் எல்லாப் பங்கும் சமம். ஒன்று மட்டும் திடீரென இரட்டித்தால் குறியீட்டெண் சுமார் 2.3 சதவீதம்தான் ஏறும். சாதாரணச் சராசரியாக இருந்தால், தொடக்க நிலையிலிருந்து 3.3 சதவீதம் ஏறியிருக்கும். ஒரு பங்கின் ஆட்டம் மொத்தப் படத்தையும் கெடுத்துவிடாது. அன்றன்றைய மனநிலையைக் காட்ட இது அருமையான கருவி. பிரான்ஸ் வீழ்ந்த சில நாட்களில், 1940 ஜூன் 26 அன்று, அது 49.4-க்கு இறங்கியது. லண்டனின் பயத்தை வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

ஆனால் இந்த முறைக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பங்குகளில் தலா 100 பவுண்டு போடுகிறீர்கள். ஒன்று 200 ஆகிறது, மற்றது 50 ஆகிறது. உங்கள் கையில் இப்போது 250 பவுண்டு, 25 சதவீத லாபம். பெருக்கல் சராசரியோ 'மாற்றமே இல்லை' என்று சொல்லும், ஏனென்றால் இரண்டையும் அரையையும் பெருக்கினால் ஒன்றுதான். பங்குகள் வெவ்வேறு திசையில் போகப் போக, முதலீட்டாளரின் உண்மையான ஆதாயத்துக்கும் குறியீட்டெண்ணுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். வீழ்ச்சிப் பக்கம் இன்னும் மோசம். ஒரே ஒரு பங்கு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், மற்ற 29 அசையாவிட்டாலும் குறியீட்டெண் ஐந்தில் ஒரு பகுதியை இழக்கும். அந்தப் பங்கு பூஜ்யமானால் எல்லாமே பூஜ்யம். திவாலாகப் போகும் நிறுவனத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டே ஆக வேண்டும்.

எண்ணையே வாங்கி விற்க ஆசை வந்தபோது இந்தக் குறைகள் பொறுக்க முடியாதவை ஆயின. குறியீட்டெண்ணை வைத்து முன்பேர ஒப்பந்தம் (பின்னொரு நாளில் நடக்கும் வியாபாரத்துக்கு இன்றே விலை பேசுவது) நடத்த வேண்டுமென்றால், அதே விகிதத்தில் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பின்தொடர முடிய வேண்டும். பெருக்கல் சராசரியை அப்படி வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதனால் 1984 ஜனவரி 3 அன்று பத்திரிகையும் லண்டன் பங்குச்சந்தையும் சேர்ந்து 1000 புள்ளியில் ஃபுட்ஸி 100-ஐத் தொடங்கின. ஆங்கிலத்தில் FTSE: பெயரின் பாதி (FT) பத்திரிகையுடையது, பாதி (SE, ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்) சந்தையுடையது. இங்கே நிறுவனத்தின் சந்தை மதிப்புதான், அதாவது பங்கு விலையைச் சந்தையில் புழங்கும் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிய தொகைதான் எடை. நூறு நிறுவனங்களின் மதிப்பைக் கூட்டி ஒரு வகுக்கும் எண்ணால் வகுப்பார்கள். நிறுவனங்கள் மாறும்போது அந்த எண்ணையும் திருத்துவதால் குறியீட்டெண் தாவாது. பழைய எண் 30 பேரின் மனநிலையைக் காட்டியது. புதியதில் பெரிய நிறுவனங்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

அப்புறம் அளவுகோலே சந்தையைத் தள்ள ஆரம்பித்தது. ஃபுட்ஸியை அப்படியே பின்பற்றும் நிதிகள், உள்ளே வரும் பங்கை வாங்கியும் வெளியேறுவதை விற்றும் ஆக வேண்டும். அந்த நிறுவனம் நன்றாக நடக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. எல்லைக்கோட்டில் நிற்பவை மாறி மாறி உள்ளே வெளியே போகாமலிருக்க ஒரு விதியும் உண்டு. சந்தை மதிப்பு வரிசையில் 90-ஆம் இடத்துக்கோ அதற்கு மேலோ வந்தால் உள்ளே, 111-க்கோ அதற்குக் கீழோ போனால் வெளியே. ஒரு செய்தித்தாளின் பக்கத்தை நிரப்பப் பிறந்த எண், எங்கோ ஓய்வூதியம் சேர்ப்பவரின் பணம் எந்தப் பங்குக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தப் பத்திரிகையின் எந்தத் தலையங்கத்துக்கும் இந்தச் செல்வாக்கு கிடைத்ததில்லை என்பேன்.

பத்திரிகையின் உரிமையாளரான பியர்சன் நிறுவனம் 2011-இல் ஃபுட்ஸி குறியீட்டெண்ணை நடத்தும் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை லண்டன் பங்குச்சந்தைக்கு விற்றுவிட்டது. 2015-இல் பத்திரிகையையே 84.4 கோடி பவுண்டுக்கு விற்றது. வாங்கியது ஜப்பானின் நிக்கே. அதுவும் பொருளாதாரப் பத்திரிகைதான், அதன் பெயரிலும் ஒரு குறியீட்டெண் இருக்கிறது. நிக்கே 225 இன்றும் பெரும்பாலும் டவ் காட்டிய வழியில், பங்கின் விலையை வைத்தே எடை போடுகிறது. அதனால்தான் யூனிக்ளோ துணிக்கடைகளை நடத்தும் நிறுவனம், தன்னைவிட எவ்வளவோ பெரிய டொயோட்டாவைக் காட்டிலும் அதில் அதிக எடையோடு இருந்துவந்திருக்கிறது.