வாஷிங்டனால் முடியாதது டெக்சாஸால் முடிகிறது

அமெரிக்காவில் ‘புகலிட நகரம்’ என்று அறிவித்துக்கொண்ட ஓர் ஊரை அதன் மாநில அரசு எப்படிக் கட்டிப்போடுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். டெக்சாஸை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

அப்படிப்பட்ட ஊருக்குள் ஐஸ் எனப்படும் மத்தியக் குடியேற்ற அமலாக்கத் துறை நுழையவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள். நுழையலாம், கைதும் செய்யலாம். தன் காவலர்களையும் சிறையையும் அந்த வேலைக்குத் தர மாட்டேன் என்பதுதான் ஊரின் நிலைப்பாடு.

விஷயமே சிறையில்தான் இருக்கிறது. எந்த வழக்கில் பிடிபட்டாலும், கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) சிறையில் பதிவாகும் கைரேகை எஃப்பிஐக்குப் போகும். அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்துக்கும் தானாகவே போய்விடும். சந்தேகம் எழுந்தால் ஐஸ் ஐ-247ஏ என்ற படிவத்தை அனுப்பும். அதன் பெயர் ‘டிடெய்னர்’. ஜாமீன் கிடைத்தாலும் வழக்கு முடிந்தாலும், விடுவிக்கும் நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை ஆளை வைத்திருக்கச் சொல்கிறது அது. கையெழுத்திடுபவர் ஐஸ் அதிகாரிதான், நீதிபதி பார்ப்பதில்லை.

பென்சில்வேனியாவின் லீஹை கவுன்டி சிறை இப்படி ஓர் அமெரிக்கக் குடிமகனையே ஜாமீனுக்குப் பிறகும் அடைத்து வைத்தது. ‘ஐஸ் உத்தரவு, மீற முடியாது’ என்றது கவுன்டி. டிடெய்னர் வெறும் வேண்டுகோள்தான் என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு தன் திட்டத்தை நடத்த மாநில, உள்ளூர் அதிகாரிகளை ஏவ முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு பிரின்ட்ஸ் தீர்ப்பு. மத்திய அரசுக்குத் தரப்படாத அதிகாரங்களை மாநிலங்களுக்கு விடும் பத்தாவது அரசியலமைப்புத் திருத்தம் தரும் கவசம் அது.

ஆனால் அந்தக் கவசம் மாநிலத்துக்குச் சொந்தம். நகரமும் கவுன்டியும் மாநிலத்தின் படைப்புகள். அவற்றின் அதிகாரத்தை மாநிலம் கூட்டலாம், குறைக்கலாம், பறிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1907இலேயே சொல்லிவிட்டது. அதனால் வாஷிங்டன் இட முடியாத கட்டளையை டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினிலுள்ள சட்டமன்றம் இடலாம். என்னை மிகவும் கவர்வது, இதே விதி எதிர்த் திசையிலும் வேலை செய்வதுதான். ஐஸுக்கு உதவுவதைக் கட்டுப்படுத்தி கலிஃபோர்னியா 2017இல் சட்டம் போட்டது. உதவ விரும்பிய ஹன்டிங்டன் பீச் நகரம் வழக்குப் போட்டு, 2020இல் மேல்முறையீட்டில் தோற்றது.

டெக்சாஸின் எஸ்பி 4 சட்டமும் 2017இல் வந்ததுதான். டிடெய்னரை நிறைவேற்றுவது அங்கே கட்டாயம். ஐஸுக்கு உதவுவதைத் தடுக்கும் கொள்கையை ஊர் வைத்திருந்தால் முதல் மீறலுக்கு 1,000 முதல் 1,500 டாலர், அடுத்தடுத்தவற்றுக்கு 25,000 முதல் 25,500 டாலர் அபராதம். ஒவ்வொரு நாளும் தனி மீறலாகக் கணக்காகும். பொறுப்பில் இருப்பவரின் பதவியும் போகலாம். டிடெய்னரைத் தெரிந்தே மறுக்கும் ஷெரிஃப், அதாவது கவுன்டியின் காவல் தலைவர், மீது குற்ற வழக்கே பாயும். எல் செனிசோ என்ற சிற்றூர் தொடுத்த வழக்கில், 2018இல் ஐந்தாவது வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய முழுச் சட்டத்தையும் ஏற்றது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் புகலிடக் கொள்கையை ஆதரித்துப் பேசக் கூடாது என்ற பகுதி மட்டும் விழுந்தது.

விலக்கு ஒன்று உண்டு: குடியுரிமைக்கோ சட்டபூர்வமாகத் தங்கியிருப்பதற்கோ சான்று காட்டுபவரை டிடெய்னருக்காக வைத்திருக்க வேண்டியதில்லை. டெக்சாஸ் ஓட்டுநர் உரிமமே போதும். ஆனால் சான்றைக் காட்டும் சுமையை அடைபட்டவர் தலையில் ஏற்றியது பெரிய குறை என்பேன். சிறைக்குள் இருப்பவரிடம் ஆவணம் இருக்காது. வெளியிலுள்ள குடும்பத்தார்தான், அந்த 48 மணி நேரத்துக்குள், அதைத் தேடி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.