அவர் ஏன் பழைய குழியில் துளை போட்டார்?

கல்குவாரிகளில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போனால் முதலில் விபத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். 'காரணம்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: தொழிலாளியின் கவனக்குறைவு. கை நசுங்கியதா, கவனக்குறைவு. டிப்பர் ரிவர்ஸில் வந்து இடித்ததா, அதுவும் கவனக்குறைவு. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், மறுநாள் வேலை பழையபடி ஓடும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜல்லி குவாரியில் நடந்ததைச் சொல்கிறேன். யாருக்கும் அடிபடவில்லை, அதனால் பதிவேட்டிலும் ஏறவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடிக்கிற நேரம். ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், பாறையில் துளை போடும் ஜாக்ஹாமரைத் தூக்கி ஒரு பழைய குழியில் வைத்துத் துளை போட ஆரம்பித்தார். முந்தின நாள் வெடி வைத்த வரிசையில், வெடித்த பிறகும் பாறையில் மிச்சம் நின்ற துளையின் அடிப்பாகம், அதாவது அடிக்குழி அது. அந்தப் பக்கமாக வந்த மேட் (வேலையை மேற்பார்க்கிறவர்), குழி ஓரத்துக் கல்பொடியில் கேப்பு வயர், அதாவது வெடியைக் கிளப்பும் டெட்டனேட்டரின் வயர், ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். ஜாக்ஹாமருக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் சத்தத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய்க் காற்று வால்வை மூடினார். அப்புறம் பார்த்தால், உள்ளே வெடிக்காத வெடிமருந்துத் தோட்டா. துளை முனை அதில் இடித்திருந்தால் வெடித்திருக்கும்.

பழைய குழியில் துளை போடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். விதியும் அதைத்தான் சொல்கிறது. அந்த இளைஞருக்கும் அது தெரியும். மேட் பயத்தில் அவரை அடிக்கவே போய்விட்டார். முதலாளி, "நாளைக்கே ஊருக்கு அனுப்புங்க" என்றார். நான் அந்த இளைஞரைக் கொட்டகை நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தெரிந்த இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்த நேரத்துல உனக்கு அது ஏன் சரின்னு பட்டுச்சு?"

அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய், ஜாக்ஹாமரின் துளை முனையான பிட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். முனை தேய்ந்து வழவழவென்று இருந்தது. இந்த பிட்டைப் புதுப் பாறையில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் போராட வேண்டும். பழைய குழியில் வைத்தால் சட்டென்று உட்கார்ந்துவிடும். புது பிட்டு கேட்டு இரண்டு நாளாகியிருந்தது. அவருக்குக் கூலியோ அடிக்கணக்கு: எத்தனை அடி துளையோ அத்தனை காசு.

விசாரிக்க விசாரிக்க இன்னும் வந்தது. ஒரு குழி வெடிக்கவில்லை என்று முந்தின நாள் சாயங்காலமே வெடி வைக்கிறவருக்குச் சந்தேகம். தன் நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் மறுநாள் காலையில் அவர் வேறொரு குவாரிக்குப் போய்விட்டார், நோட்டும் அவரோடு போய்விட்டது. அடையாளத்துக்குக் குழி மேல் அவர் வைத்த கல்லை, காலையில் வழி ஒதுக்கிய ஹிட்டாச்சி தள்ளிவிட்டது. எச்சரிக்கைப் பலகை இருந்தது, தமிழில். அந்த இளைஞர் படிப்பது ஒடியா.

இதில் எதைக் கவனக்குறைவு என்று எழுதுவது?

கீற்றுக் கொட்டகையில் ஓட்டையில்லாத கீற்றே கிடையாது. ஒன்றின் ஓட்டையை அடுத்த கீற்று மறைப்பதால் ஒழுகுவதில்லை. எல்லா ஓட்டையும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தண்ணீர் நேராகத் தலையில் விழும். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் ஓட்டை விழுந்த சீஸ் துண்டுகளை வைத்து விளக்கியது இதைத்தான். வகுப்பில் நான் கொட்டகைக் கூரையைக் காட்டிச் சொல்வேன், உடனே புரிந்துகொள்வார்கள். கடைசி ஓட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர்தான் அந்த இளைஞர்.

தவறு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதில் பல ரகம் உண்டு. நெம்புகோலை மாற்றி இழுப்பது கைதவறுதல். டிப்பரை நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் போவது மறதி. இந்த இரண்டுக்கும் வகுப்பு எடுத்துப் பயனில்லை, ஏனென்றால் அவர்களுக்கு எல்லாம் தெரியும். இருபது வருஷ அனுபவமுள்ள டிரைவருக்கும் இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் கை தவறும். அங்கே மாற்ற வேண்டியது நெம்புகோலின் அமைப்பையும் ஷிப்டின் நீளத்தையும். ஆபத்தைத் தெரியாமல் தப்புக்கணக்கு போடுகிறவருக்குத்தான் பயிற்சி உதவும்.

நான் அதிகம் பயப்படுவது தெரிந்தே செய்கிற மீறலுக்கு. அதிலும் எல்லோரும் சேர்ந்து, தினமும், பகிரங்கமாகச் செய்கிற மீறலுக்கு. கெட்டிப் பாறையில் பெஞ்ச், அதாவது படிக்கட்டு போல வெட்டும் ஒவ்வொரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அடியைக் குடைந்து மேற்பாறையைத் தொங்கவிடக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. கல்குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான், இதைச் சொன்னால் இன்றும் ஆச்சரியப்படுகிற முதலாளிகளைப் பார்க்கிறேன். ஆனால் மேலிருந்து படிப்படியாக இறங்கி வெட்டினால் செலவு அதிகம், அடியில் எடுத்தால் கல் சுலபமாக வரும். அதனால் சுவர் நெட்டுக்குத்தாக நிற்கும். அதன் கீழே ஹிட்டாச்சி வேலை செய்யும். கேட்டால், "பத்து வருஷமா இப்படித்தான் சார் எடுக்கிறோம்" என்பார்கள். 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்தில் இரவில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு முறையும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நின்று பேசிவிட்டு வந்த சுவர்களெல்லாம் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன.

மழைக்குப் பிறகும் வெடிக்குப் பிறகும் கடப்பாரையால் பாறையைத் தட்டிப் பாருங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் கெஞ்சுகிறேன். கெட்டிப் பாறை கிண்ணென்று சொல்லும். உள்ளே விட்டுப்போன பாறை பொத்தென்று சொல்லும். தட்டும்போது மேலே நல்ல பாறையில் நின்றுகொண்டு தட்டவேண்டும், கீழே யாரும் இருக்கக்கூடாது. பொத்தென்ற சத்தம் கேட்ட பிறகு வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தட்டுகிறவர் கையில் இருக்கவேண்டும். அவர் போய் மேட்டிடம் சொல்லி, மேட் போர்மேனிடம் சொல்லி, போர்மேன் முதலாளிக்குப் போன் போட்டு, அவர் எடுக்கவில்லை என்றால்? ஹெல்மெட் போட்டிருக்கிறாரே என்று சமாதானம் சொல்லாதீர்கள். டன் கணக்கில் விழும் பாறைக்கு ஹெல்மெட் பதிலாகாது.

அந்த ஜல்லி குவாரி இளைஞரை ஊருக்கு அனுப்பவில்லை. முதலாளியோடு ஒரு மாலை முழுக்கப் பேசவேண்டியிருந்தது. முதலில் புது பிட்டு வாங்கினோம். துளைக் கூலியை அடிக்கணக்கிலிருந்து நாள் கணக்குக்கு மாற்றினோம், இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. வெடி நோட்டு இனி குவாரியை விட்டு வெளியே போகாது, காலையில் மேட் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கம்ப்ரசர் ஓடும். வெடித்து முடிந்ததும் மிஞ்சிய அடிக்குழி ஒவ்வொன்றையும் பரிசோதித்து, சிவப்புப் பெயின்ட் அடித்த மரக்கட்டையால் அடைத்துவிடுவது என்று முடிவானது. சிவப்புக் கட்டையைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போயிருந்தேன். நானும் முதலாளியும் பெஞ்ச் ஓரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஜாக்ஹாமர் சத்தம் நின்றது. அதே இளைஞர் கையைத் தூக்கி மேட்டைக் கூப்பிட்டார். கட்டை அடிக்காத குழி ஒன்று மண் மூடிக் கிடந்தது. மேட் வந்து கையால் மண்ணை ஒதுக்கி, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கல்பொடி. இருபது நிமிஷம் வேலை நின்றது, கீழே இரண்டு டிப்பர் காத்துக்கொண்டிருந்தன. முதலாளி வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, பார்த்துட்டே போடட்டும்" என்றார்.