பெட்ரோலில் கலந்த மக்காச்சோளம்

2021-22இல் 30 லட்சம் டன்னுக்கு மேல் மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த இந்தியா, 2024இல் மியான்மரிலும் உக்ரைனிலும் வாங்க வேண்டியதாயிற்று. விளைச்சல் சரியவில்லை, பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2030இலிருந்து 2025க்கு இழுத்ததும் வந்த வினை இது.

2023 ஜூலையில் எத்தனால் ஆலைகளுக்கு அரசுக் கிடங்கு அரிசி நின்றது. மழை குறைந்ததால் டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. மிச்சமிருந்தது மக்காச்சோளம். 2024 ஜனவரியில் அதன் எத்தனாலுக்கு லிட்டருக்கு ₹71.86 கொள்முதல் விலை கிடைத்தது. ஒரு டன்னில் சுமார் 380 லிட்டர் இறங்கும், அதாவது ₹27,300. அப்போது மக்காச்சோளத்தின் ஆதரவு விலை டன்னுக்கு ₹20,900தான். உற்பத்திச் செலவு இருந்தாலும், சந்தையில் விலை ஏற்றிக் கேட்க ஆலைக்குத் தெம்பு வந்துவிட்டது. விலை ஏறினால் நம்மிடம் வாங்கிய வியட்நாம் வேறு நாட்டைத் தேடும், கோழித் தீவனத்துக்கு அதை நம்பியிருக்கும் நாமக்கல் பண்ணையாளர் கையைப் பிசைவார். கலப்பு விகிதம் மட்டும் இறங்காது. முதலில் அடிபட்டது ஏற்றுமதி.

ஆலையில் மக்காச்சோளத்தை மாவாக அரைத்து, நீரில் கரைத்து, சுமார் 85 டிகிரியில் நொதி சேர்த்தால் மாவுச்சத்து உடையும். இரண்டாவது நொதி அதைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் இரண்டு நாளுக்கு மேல் 32 டிகிரியில் புளிக்க வைக்கும். காய்ச்சி வடித்தால் 95 சதவீத எத்தனால்தான் தேறும்; மீதி நீரைச் சல்லடைத் துகள்கள் உறிஞ்சிய பிறகே பெட்ரோலில் கலக்கலாம். தானிய எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதச் சக்கையாக நிற்கும். தீவனத்தில் சேர்க்கும் டி.டி.ஜி.எஸ். அதுவே.

இங்கேதான் வம்பு. தானியத்தில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். புளிக்க வைத்தாலும் காய்ச்சினாலும் அது அழியாது. மாவுச்சத்து போனபின் சக்கையில் சுமார் மூன்று மடங்காகத் திரளும். சோதிக்காமல் தீவனத்தில் சேர்த்தால் கோழியின் ஈரல் கெடும், முட்டை குறையும்.

அமெரிக்காவிடம் மக்காச்சோளம் குவிந்து கிடந்தாலும் மரபணு மாற்றிய தானியத்துக்கு இங்கே அனுமதியில்லை. பொதுவான இறக்குமதி வரி 50 சதவீதம். மியான்மர் சரக்கு வரியின்றி வரும். ஆகவே அந்தக் கதவுதான் முதலில் திறந்தது.

சக்கை மலிந்ததும், தீவனத்தில் அதேபோல் புரதம் தரும் சோயாப் புண்ணாக்கின் விலையும் சரிந்தது. மக்காச்சோளம் விதைத்தவருக்கு லாபம். மத்தியப் பிரதேச சோயா விவசாயியோ 2024 அறுவடையில் குவிண்டாலுக்கு ₹4,892 என்ற ஆதரவு விலைக்கும் கீழே விற்றார். உலகச் சந்தையில் சோயா மலிந்ததும் இதற்குக் கூட்டு.