வீடு பார்க்கச் செல்லும்போது பின்கட்டிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், தெலுக் இந்தான் வட்டாரத்தில் கட்டடப் பரிசோதனை செய்து வரும் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, வாங்கி முடித்த வீட்டைப் பார்க்க அழைக்கப்படுவதுதான். முன்கூட்டியே அழைத்திருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லியிருக்கக்கூடிய செய்தியை, முன்பணம் கொடுத்து, இருபத்தைந்து ஆண்டுக் கடனுக்கும் கையொப்பமிட்ட பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்மையில் அப்படி அழைத்தவர், செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், ஊழியர் சேமநிதிப் பணத்தையும் மகனின் பெயரில் எடுத்த கடனையும் சேர்த்து, பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் ஒற்றை மாடி வரிசை வீட்டை வாங்கியிருந்தார். அவருடைய மனைவியின் மனத்தைக் கவர்ந்தது அடுப்படி. பழைய சுவரை உடைத்துப் பின்பக்கமாக நீட்டிக் கட்டி, உட்கூரை வரை ஓடு பதித்து, புதிய அலமாரிகளும் பொருத்தியிருந்தார்கள். ஆறு மாதத்தில் அந்த அலமாரிக் கதவுகள் தாமாகவே திறந்துகொள்ளத் தொடங்கின. "தம்பி, இந்த அடுப்பங்கரைய பாத்துத்தானே வீட்டையே வாங்கினோம்" என்று அந்த அம்மா சொன்னபோது, அலமாரியை நகர்த்தி, அதன் பின்னால் பழைய வீடும் புதிய கட்டடமும் சேரும் இடத்தில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்த பிளவை நான் காட்ட வேண்டியிருந்தது.

இந்தக் குறை நம் ஊர் மண்ணோடு தொடர்புடையது. கீழ்ப் பேராவின் கரையோரச் சமவெளியில் நாம் நிற்பது பெரும்பாலும் மென்மையான கடற்களிமண்ணின் மேல். சுமை ஏறினால் இம்மண் தன்னுள் இருக்கும் நீரை மெல்ல மெல்ல வெளியேற்றிப் பல ஆண்டுகளுக்குத் தாழ்ந்துகொண்டே இருக்கும். 1885-இல் கட்டப்பட்ட தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தை வியந்து பார்க்கும் நாம், அதே மண்ணில்தான் நமது அடுப்படியும் நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். இங்கே முறையாகக் கட்டப்படும் வீட்டுக்கு, பாக்காவ் எனும் சதுப்புநில மரக்கழிகளையோ கான்கிரீட் தூண்களையோ ஆழத்தில் இறக்கிப் பைலிங் செய்த பிறகே அடித்தளம் போடுவார்கள். ஆனால் பின்னாளில் பின்கட்டை நீட்டுபவர்கள், செலவுக்கு அஞ்சி, மண்ணின் மேலேயே கான்கிரீட் ஊற்றிச் சுவரை எழுப்பிவிடுகிறார்கள். முன்வீடு நின்ற இடத்தில் நிற்கிறது. பின்கட்டு மட்டும் மண்ணோடு இறங்குகிறது. இரண்டையும் பிணைத்துப் பூசிய கோடுதான் முதலில் கிழிகிறது.

ஆகவே, விற்பவர் உங்களை வரவேற்பறையில் அமர்த்தி உபசரித்தாலும், பார்வையைப் பின்கட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் எல்லாரிடமும் வேண்டிக்கொள்வது. பழைய பின்சுவர் எந்த இடத்தில் இருந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தக் கோட்டைத் தரை, சுவர், உட்கூரை ஆகிய மூன்றிலும் தொடர்ந்து பாருங்கள். வீடு முழுவதும் பழைய ஓடு இருக்க, அந்தக் கோட்டை ஒட்டி மட்டும் புதிய ஓடு பதித்திருந்தாலோ, அங்கே மட்டும் மரப்பட்டியோ அலமாரியோ மறைத்து நின்றாலோ காரணம் கேளுங்கள். ரசமட்டம் இல்லையென்றால் ஒரு கோலிக்குண்டு போதும். அடுப்படித் தரையில் அதைப் பல இடங்களில் வைத்துப் பாருங்கள்; நீர் வடிவதற்காக விட்ட சரிவு தரைவடிகாலை நோக்கி இருக்கும், மண் தாழ்ந்ததால் வந்த சரிவு பெரும்பாலும் வீட்டைவிட்டு விலகிப் பின்மதிலை நோக்கி இருக்கும். நீட்டிக் கட்டியதற்கு ஊராட்சி மன்றம் அங்கீகரித்த வரைபடம் உண்டா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி இத்தகைய கட்டுமானத்துக்கு அனுமதி வேண்டும்; அனுமதியில்லாத பகுதியை இடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால், அது வீட்டின் இன்றைய உரிமையாளரான உங்கள் கைக்குத்தான் வரும்.

வெளியே வந்து வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளத்தையும் பாருங்கள். மேடாக்குவதற்காகக் கொட்டிய மண்ணும் தாழும் என்பதால், தளம் சுவரைவிட்டு இறங்கி, அடியில் கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் தெரியலாம். அந்த வெற்றிடத்தைவிட எனக்குக் கவலை தருவது, அதன் வழியே வெளியேறும் கழிவுக் குழாய். குழாயின் ஒரு முனை அசையாத வீட்டில், மறுமுனை தாழும் மண்ணில். இடையில் அது முறிகிறது. கழிப்பறையில் பலமுறை நீரைத் திறந்துவிட்டு, வெளிக்குழியின் மூடியைத் தூக்கி, அந்த நீர் அங்கே வந்து சேர்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடங்களே ஆகும்.

வெள்ளத்தைப் பற்றி விற்பவரிடம் மட்டும் கேட்பதில் பயனில்லை. தாழ்ந்த கரையோரப் பகுதிகளில் கடல் ஏற்றத்தால் ஆற்றுநீர் ஏறும் வேளையில் மதகுகளை மூடிவிடுவார்கள். அந்நேரத்தில் பெய்யும் மழைக்குப் போக்கிடம் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் மிகுதி என்பது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த செய்தி. ஆகவே, வெயில் நாளில் ஒருமுறை பார்த்த வீட்டை, இந்த நாள்களில் ஒன்றில், கூடுமானால் அக்டோபர், நவம்பர் மழையில், மீண்டும் ஒருமுறை சென்று பாருங்கள். சாக்கடையில் நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, ஓடுகிறதா தேங்குகிறதா என்று கவனியுங்கள். பக்கத்து வீட்டார் வாசலில் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தால், மின்செருகிகளை இடுப்பளவு உயரத்துக்கு மாற்றியிருந்தால், அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசாமல் திரும்பாதீர்கள்.

விரிசல் கண்டவுடன் அஞ்சி ஓட வேண்டியதில்லை. பூச்சில் மட்டும் மயிரிழைபோல் ஓடும் கோடுகள் எந்த வீட்டிலும் உண்டு. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் இரு பக்கமும் தெரிந்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து, அருகிலுள்ள கதவும் சட்டத்தில் இடிக்கிறது என்றால், அதைப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பால்மரக் (ரப்பர்) காட்டை அழித்து எழுப்பிய தாமான்களில் கரையானைத் தனியே தேட வேண்டும். வேர்களையும் அடிக்கட்டைகளையும் முழுவதுமாக அகற்றாமல் மண்ணைத் தள்ளி மூடிய இடங்களில், மரம் மக்கித் தரை குழிவதுண்டு. அந்த மரத்தைத் தின்று பெருகிய கரையான் பிறகு கதவுச் சட்டத்துக்கு வரும். சட்டத்தின் அடிப்பகுதியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான ஓசை வந்தால் உள்ளே மரம் இல்லை. கூரைக்குள்ளும் யாரையாவது ஏறச் சொல்லுங்கள். புதிதாக வெள்ளையடித்த உட்கூரையின் மேற்புறத்தில் பழைய ஒழுகல் கறைகள் அப்படியே இருக்கும். மிகப் பழைய வீடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதைச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியான இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வீட்டில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

கிராண்ட் எனப்படும் நிலப் பட்டயம் தொடர்பான ஆய்வு வழக்கறிஞரின் பணி. ஆயினும் நம்மவர்கள் பணத்தைக் கொடுத்த பிறகே அவரைத் தேடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். நில அலுவலகத்தில் சிறு கட்டணத்தில் பட்டயத் தேடல் செய்தால், நிலம் மலாய்க்காரர்களுக்கு மட்டுமே உரிய மலாய் ஒதுக்கீட்டு நிலமா, குத்தகை எப்போது முடிகிறது, கைமாற்றத்தைத் தடுக்கும் கேவியட் எதுவும் பதிந்துள்ளதா என்பவை தெரிந்துவிடும். 1985-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2084-இல் முடிகிறது. உங்கள் பிள்ளை அதை விற்க முனையும் காலத்தில் வங்கிகள் அதற்குக் கடன் தரத் தயங்கக்கூடும். புதிய வீடு வாங்குபவர்களுக்கோ, சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்கள் வரை குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு உண்டு. புகாரை வாய்மொழியாகச் சொல்லி நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வையுங்கள்.

டிராக்டர் ஓட்டுநரின் அடுப்படியை இடிக்க நான் சொல்லவில்லை. பிளவைச் சிமெண்டால் அடைப்பது வீண் செலவு என்று விளக்கி, இரண்டு கட்டடங்களையும் இணைத்திருந்த பூச்சை வெட்டி எடுத்து, இடைவெளியில் நெகிழும் பசையை நிரப்பி, கூரைச் சந்திப்பில் அசைவுக்கு ஈடுகொடுக்கும் தகட்டைப் பொருத்தினோம். பின்கட்டு இன்னும் தாழும்; ஆனால் முன்வீட்டை இழுக்காது, மழைநீரும் உள்ளே வராது. அலமாரிகளைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் கால் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சென்று, சுவரில் நான் பென்சிலால் குறித்து வைத்த கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து வருகிறேன்.