புதுக் கார் எஞ்சின் தொடர்ந்து பழுதானால்: கலிபோர்னியாவின் லெமன் சட்டம்

கலிபோர்னியாவில் வாரண்டியோடு விற்ற காரைப் போதுமான முறை பார்த்தும் சரிசெய்ய முடியவில்லை என்றால், தயாரித்த கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது மாற்றுக் கார் தர வேண்டும். மாற்றுக் காரைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 1970-ல் வந்த சாங்-பெவர்லி சட்டம் தரும் உரிமை இது. ஓயாமல் தொல்லை தரும் காரை அமெரிக்காவில் ‘லெமன்’ என்பார்கள். லெமன் சட்டம் என்ற பெயர் அப்படி வந்தது.

போதுமான முறை என்றால் எத்தனை? கார் கைக்கு வந்த 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முந்துகிறதோ அதற்குள், ஒரே கோளாறுக்கு 4 முறை. உயிருக்கு ஆபத்தான கோளாறென்றால் 2 முறை போதும். ஃப்ரீவேயில் ஓடும்போதே எஞ்சின் நின்றுபோவது இந்த வகை. இல்லாவிட்டால், வாரண்டிக் கோளாறுகளுக்காகக் கார் மொத்தம் 30 நாளுக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் கிடந்திருக்க வேண்டும். இந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, சனி ஞாயிறும் சேரும். 18 மாதம் தாண்டிவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். இந்த எண்ணிக்கையை எட்டினால், சரிசெய்யப் போதுமான வாய்ப்பு கொடுத்துவிட்டீர்கள் என்று சட்டம் உங்கள் பக்கம் அனுமானிக்கும், அவ்வளவுதான். வாரண்டி இருக்கும்போது தலைகாட்டிய கோளாறுக்கு அதன் பிறகும் கேட்கலாம். எஞ்சின், கியர்பாக்ஸுக்கான பவர்டிரெய்ன் வாரண்டி பல கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வரை வரும்.

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் ரிப்பேர் ஆர்டர் என்ற அந்த ஒற்றைத் தாளில்தான். காரை விடும்போது சர்வீஸ் அட்வைசர் உங்கள் புகாரை அதில் டைப் செய்வார். ‘எஞ்சினைப் பார்க்கவும்’ என்று எழுதினால் அது உங்களுக்கு உதவாது. ‘காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கீழ்ப்பகுதியில் தட்டும் சத்தம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகமாகிறது’ என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே வார்த்தைகள் வர வேண்டும். ஒருமுறை ‘சத்தம்’, மறுமுறை ‘அதிர்வு’, பிறகு ‘பவர் குறைவு’ என்றிருந்தால், மூன்றும் வெவ்வேறு கோளாறுகள் என்று கம்பெனியின் வக்கீல் வாதிடுவார். ‘சோதித்தோம், கோளாறு தெரியவில்லை’ என்று திருப்பி அனுப்பினாலும் கார் விட்ட தேதி, எடுத்த தேதி, இரண்டு முறையும் ஓடோமீட்டர் காட்டிய மைல் எல்லாம் உள்ள தாளை வாங்காமல் வெளியே வராதீர்கள். இலவச வேலைதானே, தாள் எதற்கு என்று சொல்லும் இடத்தில்தான் பலருக்கு ஒரு முறை கணக்கில் விழாமல் போகிறது. சத்தத்தை போனில் வீடியோ எடுங்கள்; டாஷ்போர்டும் அதில் தெரியட்டும்.

ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு டீலர் வைப்பது ஆயில் கன்ஸம்ப்ஷன் டெஸ்ட். அளவு சரிபார்த்து மூடியைச் சீல் வைத்து அனுப்புவார்கள். 1,000 மைல் போல ஓட்டிவிட்டு வந்தால் குறைந்ததை அளப்பார்கள். இதற்கும் ஒவ்வொரு முறையும் தாள் வேண்டும். ஆயில் மாற்றிய ரசீதுகளையும் எறியாதீர்கள். பேரிங் தேய்ந்து எஞ்சின் இறுகிப்போனால், ‘நீங்கள் பராமரிக்கவில்லை’ என்பதுதான் முதலில் வரும் பதில்.

பராமரிப்புக்குச் சம்பந்தமே இல்லாமலும் எஞ்சின் போகும். ஹூண்டாய், கியாவின் தீட்டா 2 எஞ்சின்களில் தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள் ஆயில் பாதையை அடைத்துக் கனெக்டிங் ராட் பேரிங்கைத் தின்றது. 2015-ல் ரீகால் தொடங்கியது, அதாவது கோளாறுள்ள கார்களைக் கம்பெனியே திரும்ப அழைப்பது. 2022, 2023 மாடல் டொயோட்டா டண்ட்ராவின் வி6 எஞ்சினிலும் இதே வகைத் துகளால் 2024-ல் சுமார் 1 லட்சம் வண்டிகள் ரீகால் ஆயின. ஆனால் ரீகால் வேறு, லெமன் உரிமை வேறு. ரீகாலில் கோளாறை இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். பணம் திரும்ப வராது. காரின் அடையாளமான 17 எழுத்து வின் எண்ணைக் கொடுத்து மத்தியச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (NHTSA) தளத்தில் ரீகால் உண்டா என்று பார்க்கலாம்.

கம்பெனி காரைத் திரும்ப எடுத்தால், கட்டிய முன்பணம், மாதத் தவணை, வரி, பதிவுக் கட்டணம் உங்களுக்கு வரும். மீதி லோனை அவர்கள் அடைப்பார்கள். இதிலிருந்து ஒரு தொகையைக் கழிப்பார்கள்: விலையை, அந்தக் கோளாறுக்காக முதன்முதலில் காரை விட்டபோது ஓடியிருந்த மைலால் பெருக்கி, 1,20,000-ஆல் வகுக்க வேண்டும். 42,000 டாலர் கார், 6,000 மைலில் விட்டிருந்தால் கழிவு 2,100 டாலர். சரியாகிவிடும் என்று 14,000 மைல் வரை பொறுத்திருந்தால் 4,900.

கேட்பதை டீலரிடம் கேட்டுப் பயனில்லை. கம்பெனிக்கே எழுத வேண்டும். ஓனர்ஸ் மேனுவலில் உள்ள முகவரிக்கு, ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் பெயர், வின் எண், பழுது பார்த்த வரலாறு, பணம் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை நான்கையும் அனுப்புங்கள். 2024-ல் இயற்றிய புதிய நடைமுறையை ஏற்றுக்கொண்ட கம்பெனிகள் மீது அபராதத் தொகையும் கேட்டு வழக்குப் போடுவதானால், 30 நாள் முன்பே இந்தக் கடிதம் போயிருக்க வேண்டும். அந்த 30 நாளும் கார் உங்களிடமே இருக்க வேண்டும், விற்றுவிடக் கூடாது. இந்தக் கம்பெனிகளுக்கு எதிராக, வாரண்டி முடிந்து ஓராண்டுக்குள், கார் முதன்முதலில் டெலிவரி ஆன நாளிலிருந்து 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இதில் சேர்ந்தவை. வழக்கில் ஜெயித்தால் வக்கீல் செலவைக் கம்பெனி ஏற்கும். வேண்டுமென்றே மறுத்தது தெரிந்தால் இழப்பின் இரண்டு மடங்கு வரை அபராதமும் விழலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். நியூஜெர்சியில் 2 ஆண்டு அல்லது 24,000 மைலுக்குள் 3 முறை, அல்லது பழுதுக்காகக் கார் 20 நாள் கிடந்திருக்க வேண்டும். டெக்சாஸில் மோட்டார் வாகனத் துறையிடமே 35 டாலர் கட்டிப் புகார் செய்யலாம்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. கம்பெனி வாரண்டி மீதமிருந்தாலும், விற்பனையோடு புதிதாகக் கம்பெனி வாரண்டி தராத பழைய காருக்கு இந்தப் பணம் திரும்பும் உரிமை கிடையாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இப்படித் திரும்ப எடுத்த கார்கள் மறுபடி விற்பனைக்கும் வரும். அவற்றின் டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரம்) லெமன் சட்டத் திரும்பப்பெறல் என்ற முத்திரை இருக்கும், இடப்பக்கக் கதவு ஃபிரேமில் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். விலை குறைவாகத் தெரிந்தால் கதவைத் திறந்து அங்கே முதலில் பாருங்கள்.