லாண்ட்நோர்துர்: ஐஸ்லாந்தின் 'நிலவடக்கு'

ஐஸ்லாந்து மொழியில் வடகிழக்குக்கு லாண்ட்நோர்துர் என்று ஒரு பழைய சொல் உண்டு. லாண்ட் என்றால் நிலம், நோர்துர் என்றால் வடக்கு. வடமேற்கு ஊட்நோர்துர், ஊட் என்றால் வெளியே, அதாவது கடல் பக்கம். தென்கிழக்கும் தென்மேற்கும் இதே போல லாண்ட்சுதுர், ஊட்சுதுர்.

ஆனால் ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் நின்று லாண்ட்நோர்துர் திசையைப் பார்த்தால் கடல்தான் தெரியும். அப்புறம் ஏன் இந்தப் பெயர்? விடை நார்வேயில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஐஸ்லாந்தில் குடியேறியவர்களில் பலர் நார்வேயின் மேற்குக் கரைக்காரர்கள். அங்கே கிழக்கே நிலம், மேற்கே கடல். கப்பலேறியவர்கள் அந்தக் கரையின் சொல்லையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

நான்கு பெருந்திசைகளின் பெயர்கள் வேறு வகை. ஐஸ்லாந்து மொழிக்கு மூதாதையான பழைய நார்ஸ் மொழியின் அவுஸ்த்ர் (கிழக்கு) விடியலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. சமஸ்கிருதத்து உஷஸ் அதற்கு உறவு. வெஸ்த்ர் (மேற்கு) மாலையோடும், சுத்ர் (தெற்கு) சூரியனோடும் சேர்த்துப் பேசப்படுபவை. நோர்த்ர் (வடக்கு) மட்டும் விவாதத்துக்குரியது. கிழக்கு நோக்கி நிற்பவரின் இடப்பக்கம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

நிலத்தைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைப்பது நமக்கும் பழக்கம்தான். மேற்கே மலை உயர்ந்து, கிழக்கே சமவெளி தாழ்ந்து போவதால் 'மேல்' மேற்கானது, 'கீழ்' கிழக்கானது. கீழத்தெரு, மேலத்தெரு என்று இன்றும் சொல்கிறோம். மலையாளத்திலும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். ஆனால் கேரளத்தில் கிழக்கேதான் மலை நிற்கிறது! மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல் அந்தப் பக்கம் போனதற்கு இதைச் சான்றாகக் காட்டினார் கால்டுவெல். லாண்ட்நோர்துருக்கு இதைவிட நெருங்கிய துணை எனக்குத் தெரியவில்லை.

சரி, இந்தச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது? திசை மட்டும் போதுமென்றால் வடகிழக்கு, வடமேற்கு. சொல்லின் கதையும் தெரிய வேண்டுமென்றால் நிலவடக்கு, கடல்வடக்கு என்று எழுதலாம். ஊட்நோர்துருக்குப் 'புறவடக்கு' நேர்ப்பொருள்தான், ஆனால் கடல் கண்ணில் படாது.

காற்றுகளின் பெயரைத் தமிழாக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ஐஸ்லாந்து மொழிக்கு உறவான சுவீடிய மொழியில் திசைக்கொரு காற்றுப்பெயர் உண்டு. நூர்தன் குளிர்ந்த வடகாற்று. வாடை என்ற சொல் அப்படியே பொருந்தும். சுன்னன் தென்றல், ஓஸ்தன் கொண்டல். வெஸ்தனை மட்டும் கோடை என்று எழுதினால் வாசகருக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். அதற்கு மேல்காற்று என்பதே நல்லது.